நடு வேகாத சோடா ரொட்டியைச் சரிசெய்த விதம்

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குக் குடிவந்த புதிதில் நான் சுட்ட ஐரிஷ் சோடா ரொட்டி மூன்று முறையும் கல்லாகத்தான் வந்தது. வெட்டினால் நடுவில் பச்சை மாவு கத்தியில் ஒட்டியது.

சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்ததுதான் தப்பு. இதில் ஈஸ்ட் கிடையாது. மோரின் புளிப்பு பட்டதுமே சமையல் சோடா நுரைத்துவிடும். பிசையப் பிசைய அந்தக் காற்று போய், ரொட்டி இறுகிவிடும்.

இப்போது 450 கிராம் மைதா, சோடாவும் உப்பும் தலா ஒரு டீஸ்பூன், 350 மில்லி கெட்டி மோர். விரல்களை விரித்துச் சுழற்றி, மாவு சேர்ந்ததும் கையை எடுத்துவிடுவேன். மேலே சிலுவைக் கீறல் ஆழமாக இருக்கணும், அப்போதுதான் நடுவுக்குச் சூடு இறங்கும். நன்றாகக் காய்ந்த ஓவனில் 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-இல் அரைமணி. வெந்திருந்தால், கவிழ்த்து அடியில் தட்டும்போது காலிக் குடம் மாதிரி சத்தம் வரும். முந்தாநாள் வந்தது!