தண்ணீர், மா, பயறு: சின்னப் பிள்ளைகளுக்குப் புலன் விளையாட்டு வைப்பது எப்படி

தொட்டு, பார்த்து, மணந்து பழகுகிற விளையாட்டைத்தான் புலன் விளையாட்டு என்கிறோம். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கானது இது. பெட்டியில் அடைத்து விற்கிற 'சென்சரி' சாமான் ஒன்றும் தேவையில்லை. குசினியிலும் கோடிப்புறத்திலும் கிடப்பவையே போதும். அளக்க, ஊற்ற, பிசைய, நுள்ளி எடுக்கப் பழகுகிற விரல்தான் பிறகு தெறி பூட்டும், பென்சில் பிடிக்கும்.

தொடங்க முதல்

ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டு மட்டும். நல்ல இடம் விறாந்தை நிழல், கிணற்றடி வேண்டாம். நிலத்தில் பழைய சீலையொன்றை நாலாக மடித்து விரித்து, அதன் நடுவில் 10 முதல் 12 செ.மீ. ஆழமான அகன்ற பேசினை வையுங்கள். சுளகு பார்க்க அழகுதான், ஆனால் ஒரு பக்கம் திறந்தது. பயறு முழுக்க அந்த வழியால் ஓடிவிடும்.

பதினைந்து, இருபது நிமிடம் போதும். பசியோடும் நித்திரைக் கண்ணோடும் இருக்கிற பிள்ளையை இருத்தாதீர்கள். குளிக்க வார்க்கிறதுக்கு முந்திய நேரம் தோதானது, கழுவுகிற வேலை ஒன்று குறையும்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எதைக் கொடுக்க முதலும் ஒரு சோதனை: ரொய்லற் கடதாசிச் சுருளின் நடு அட்டைக் குழாய்க்குள் நுழைகிற பொருள் தொண்டையை அடைக்கக்கூடியது. வளவில் பொறுக்குகிற விதைகளில் குன்றிமணி, ஆமணக்கு, அலரி மூன்றும் கடும் நஞ்சு. நிறம் வடிவாக இருக்கிறது என்று எந்த வயதுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம்.

1. தண்ணீர்

முதல் தரம் செய்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். பேசினில் 3 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர். அதோடு ஒரு மூக்குப்பேணி, கண் துளைத்த சிரட்டை, தேத்தண்ணி வடி, ஸ்பொஞ்சுத் துண்டு, ஒரு வெறும் கிண்ணம்.

முதலில் நீங்கள் ஒருமுறை, மெதுவாக, கதைக்காமல் ஊற்றிக் காட்டுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். மூக்குப்பேணியால் ஊற்றினால் நூல்போல ஒரே இடத்தில் விழும். சிரட்டையை நிரப்பித் தூக்கினால் கண்ணால் ஒழுகும். பிள்ளை குனிந்து கீழே பார்க்கும், விரலால் சிரட்டைக் கண்ணைப் பொத்தும், எடுக்கும், திரும்பப் பொத்தும். அந்த நேரத்தில் "இது என்ன நிறம்? எத்தனை?" என்று கேள்வி கேட்டுக் குழப்பாதீர்கள். பேசத் தோன்றினால் நடப்பதைச் சொல்லுங்கள்: சொட்டுச் சொட்டாய் விழுது, குளுகுளு எண்டு இருக்கு. வழுவழு, சொரசொர, பிசுபிசு, நறநற என்று தொடுகைக்கு எங்கள் மொழியில் இருக்கிற இரட்டைச் சொற்களை ஓசையோடு சொன்னால் சின்னப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நுரை வேண்டுமென்றால் அரைக் கப் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி குழந்தை ஷம்பூ விட்டு, முட்டை அடிக்கிற கம்பியால் இரண்டு நிமிடம் அடியுங்கள். சவர்க்காரத்தைக் கரைத்துப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் நுரைக்குப் பதிலாக வெள்ளைத் திரைதான் வந்திருக்கும். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து திரளும். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையும் இதனால்தான். ஷம்பூவுக்கு அந்தச் சிக்கல் குறைவு. மழைத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது.

இரண்டு கட்டாயம். சின்னப் பிள்ளை மூழ்க 5 செ.மீ. தண்ணீரே போதும், ஆகையால் போன் அடித்தால்கூட எழும்பிப் போகாதீர்கள். போவதென்றால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாட்டு முடிந்த கையோடு தண்ணீரை வாழையடியில் ஊற்றிப் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். மாரியில் டெங்கு நுளம்புக்கு அந்தப் பேசின் போதும்.

2. பிசைகிற மா

கடையில் வாங்கும் விளையாட்டுக் களியை (பிள்ளைகள் உருவம் செய்கிற பிசைமா) விட நன்றாக வரும், இரண்டு கிழமை வைத்திருக்கலாம்.

வேண்டியவை: வெள்ளைக் கோதுமை மா 1 கப், தூள் உப்பு அரைக் கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 2 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர்.

மா அவிக்காத மாவாக இருக்க வேண்டும். அனேகமானோர் தவறுவது இதில்தான். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அவித்து அரித்து வைத்திருக்கிற மாவை எடுத்தால் களி இழுபடாது, வெடித்து வெடித்து உடையும். அவிக்கும்போதே மாவின் பசைத்தன்மை செத்துவிடுகிறது. இடியப்பத்துக்கு வேண்டியது அதுதான், களிக்கு அது கூடாது.

1. தேசிக்காய்ப் புளியைக் கப்பில் விட்டு, கப் நிறையும் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். புளியும் தண்ணீரும் சேர்ந்து 1 கப்.
2. ஒட்டாத தாச்சியில் மா, உப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து, இந்தத் தண்ணீரையும் எண்ணெயையும் விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். அடுப்பு இன்னும் மூட்ட வேண்டாம்.
3. மெல்லிய நெருப்பில் மரக்கரண்டியால் கிளறுங்கள். முதலில் கூழ், பிறகு கட்டி கட்டியாக, பிறகு திடீரென்று ஒரே உருண்டையாகத் திரண்டு தாச்சியை விட்டு விலகும். மூன்று முதல் ஐந்து நிமிடம். பார்வைக்குப் பச்சை மாவின் வெள்ளை எங்கும் தெரியக்கூடாது.
4. பலகையில் கொட்டிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, உங்கள் கையால் இரண்டு நிமிடம் குழையுங்கள். உள்ளுக்குச் சூடு நிற்கும், ஆறினது என்று நினைத்து உடனே பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

கையில் ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். திரும்ப அடுப்பில் ஒரு நிமிடம். மேலதிக மா தூவினால் அன்றைக்குச் சரியாகும், அடுத்த நாள் காய்ந்து உதிரும். உதிர்ந்தால் கையை நனைத்து நனைத்துக் குழையுங்கள். நறநறத்தால் உப்புக் கரையவில்லை, கல்லுப்புப் போட்டிருப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் களி கசியும். அரை மணி நேரம் திறந்து வைத்தால் இறுகும். பூஞ்சணம் கண்டால் எறிய வேண்டியதுதான்.

மஞ்சள் போட்ட களியை விளையாடிவிட்டுச் சவர்க்காரம் போட்டால் கை சிவக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மஞ்சளின் குணம் அது.

இந்தக் களியில் உப்பு மிக அதிகம். ஒரு சின்னத் துண்டு வாய்க்குப் போனால் பிள்ளையே துப்பிவிடும். உருண்டை உருண்டையாக விழுங்கினால் ஆபத்து, உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். நாய்க்கும் ஆகாது. எதையும் வாயில் வைக்கிற வயதென்றால் வறுத்த அரிசிமாவைக் கொழுக்கட்டைக்குக் குழைக்கிற மாதிரி, உப்பில்லாமல், கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் மா பிடிக்காது. இது அன்றைக்கு மட்டும்தான்.

களியோடு கொடுக்க நல்ல ஆயுதம் இடியப்ப உரல். பிழிய முழுக்கைப் பலமும் வேண்டும், புழு மாதிரி நெளிந்து வெளியே வருவதைப் பார்த்தால் விடமாட்டார்கள். உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் உடனே கழுவித் துடையுங்கள். நாலு வயதுக்கு மேலென்றால் களி உருண்டைகளிலும் குரும்பட்டியிலும் ஈர்க்குக் குத்தித் தேர் செய்யலாம். ஈர்க்கை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள், நீட்டாக விட்டால் கண்ணில் குத்தும்.

3. பயற்றுத் தட்டு

மூன்று வயதுக்கு மேல் மட்டும். பேசினில் இரண்டு கப் பயறு, அதற்குள் ஐந்து சாமான்கள் (மூடி, கரண்டி, பெரிய சோகி, அப்படி) ஒளித்து வைத்து, கையை விட்டுத் தேடச் சொல்லுங்கள். எண்ணி வையுங்கள், எண்ணி எடுங்கள்.

சாப்பாட்டுச் சாமானில் விளையாடுவதா என்று அம்மம்மா கேட்பா. கேட்பது நியாயம். வண்டு விழுந்த பயற்றை வெயிலில் காயவிட்டுப் புடைத்து, பேணியில் அடைத்து விளையாட்டுக்கென்றே வைத்திருங்கள். மாதக்கணக்கில் அதே பயறு போதும். கடற்கரை மணலும் நல்லது, கழுவிக் காயவைத்து மூடி வைக்க வேண்டும். திறந்து கிடக்கிற மணலைப் பூனை கக்கூசாக்கிவிடும், அதால் பூச்சித் தொற்று வரும்.

அள்ளி எறிந்தால் கத்தாதீர்கள். "பயறு பேசினுக்குள்ளதான்" என்று ஒருமுறை. இரண்டாவது முறையும் எறிந்தால் பேசினை எடுத்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். பெரும்பாலும் எறிவது அலுப்பின் அடையாளம்.

மூக்குக்குள் பயறு போனால் தோண்டாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள். ஈரத்தில் ஊதிப் பெருக்கும். அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். மூச்சுத் திணறினால் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மணத்துக்கு: கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், கோப்பித்தூள், தேசி இலை, ஒவ்வொன்றாகத் துணியில் முடிந்து. எங்கள் கறித்தூள் வேண்டாம், அதில் வறுத்த செத்தல் மிளகாய் இருக்கிறது. தூள் இருந்த போத்தலைக் கழுவியும் பாவிக்காதீர்கள்.

தொட மாட்டேன் என்கிற பிள்ளை

சில பிள்ளைகள் களியைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். பிடித்து அழுத்தி வைக்கக்கூடாது, அடுத்த தடவை பேசினைக் கண்டாலே அழும். களியை இறுக மூடுகிற பொலித்தீன் பையில் போட்டு, காற்றை எடுத்து மூடிக் கொடுங்கள், வெளியிலிருந்து அமுக்கட்டும். சில நாள் கழித்துக் கரண்டி. அதன் பிறகு ஒரு விரல். துடைக்க ஈரத்துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், எப்போதும் துடைக்கலாம் என்ற தைரியத்தில் தொடுவார்கள். உடுப்பு, தலை முழுக்கு, சாப்பாடு என்று எல்லாவற்றிலும் இதே கூச்சம் இருந்து அன்றாட அலுவல்களைக் குழப்பினால், அடுத்த கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். எந்தப் பொருளைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று ஒரு கிழமைக்கு எழுதிக் கொண்டு போனால் அவருக்கு விளங்கச் சுகம்.