ஐந்து பைகளில் ஒரு மாடித்தோட்டம்: ஆடியில் தொடங்குவோருக்கான செய்முறை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வயலுக்கு மட்டுமல்லாமல் மொட்டை மாடிக்கும் பொருந்தும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தளத்தின் மேல் நாற்றை வைத்துவிட்டு, அது கருகியதும் நமக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுபவர்கள் பலர். ஜூலை நடுவில் வெயில் சற்றுத் தணிந்தபின் விதைத்தால், ஐப்பசி மழை வலுப்பதற்குள் செடிகள் வேரூன்றி நிமிர்ந்துவிடும்.

முதல் பட்டத்தில், அதாவது முதல் விதைப்புப் பருவத்தில், ஐந்து பைகளுக்கு மேல் வாங்க வேண்டாம். ஐந்து பைகளை நாள்தோறும் இலை இலையாகப் பார்க்க முடியும். முப்பது பைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கே பொழுது போய்விடும். அரைக்கீரைக்கு ஒன்று, வெந்தயக்கீரைக்கு ஒன்று, வெண்டைக்கு இரண்டு, கத்தரிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஆசையோடு தொடங்கும் தக்காளியை நான் அடுத்த பட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன்; வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய் அதை எளிதில் பிடித்துக்கொள்ளும், அதைச் சமாளிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

இடமும் பையும்

நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் நேரடி வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அகலமும் உயரமும் 12 அங்குலம் உள்ள பை, கலவை நிறைந்து நனைந்த பிறகு 15 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரையும், தளத்தை அடியில் தாங்கும் உத்தரத்தையும் ஒட்டி வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கற்களைக் கொடுத்துவிட்டால் வடியும் நீர் தேங்காது, தளமும் காய்ந்துகொள்ளும். பையின் அடியில் துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை (பொருள் தொகுப்புகளை) மானிய விலையில் கொடுக்கும் காலத்தில் பை, விதை, தென்னை நார்க்கழிவு எல்லாம் சேர்ந்தே கிடைக்கும்.

மண் கலவை

தோட்டத்தின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் எடுத்து, பை ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைச் சேர்க்க வேண்டும். கடையில் கட்டியாகக் கிடைக்கும் 5 கிலோ நார்க்கழிவு ஊறியபின் 60 லிட்டர் அளவுக்குப் பொங்கும். ஐந்து பைகளுக்குப் பாதிக் கட்டி போதும்.

இந்த நார்க்கழிவை அலசாமல் பயன்படுத்தக் கூடாது. என் முதல் பட்டத்தில் அவசரப்பட்டு அப்படியே கலந்துவிட்டேன். கத்தரி நாற்றுகளின் இலை ஓரங்கள் பத்தே நாளில் தீய்ந்தன. நார்க்கழிவில் இருந்த உப்புதான் காரணம் என்று பின்னர்தான் புரிந்தது. பெரிய தொட்டியில் ஊறவைத்து, பழுப்பு நீரை வடித்து, மீண்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, வடியும் நீர் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

கலவை சரியாக வந்திருக்கிறதா என்பதைக் கையே சொல்லிவிடும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டையைப் போல உருப்பெற வேண்டும். விரலால் மெல்லத் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். உதிராமல் களியாக நின்றால் செம்மண் அதிகம், உருவே பெறாவிட்டால் ஈரம் போதவில்லை. காய்கறிப் பைகளை மேல்விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்புங்கள். கீரைக்கு ஆறு அங்குல ஆழமே போதும் என்பதால், அந்தப் பைகளைப் பாதி நிரப்பி, விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிடலாம். நிரப்பியபின் ஒரு வாரம் லேசாக நீர் தெளித்து ஆறவிடுவது நல்லது.

விதைப்பு

அரைக்கீரை விதை கடுகை விடச் சிறியது என்பதால், நான்கு மடங்கு மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிய அடுக்காக மண்ணைப் பரப்புங்கள். எறும்பு இந்த விதைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பையைச் சுற்றி மஞ்சள் தூளைத் தூவிப் பாருங்கள். வெந்தயத்துக்கு அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே போதும். வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் இரண்டிரண்டாக ஊன்றி, முளைத்தபின் வலுவானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கத்தரியை நேரடியாக விதைக்காமல், துளையிட்ட கொட்டாங்கச்சியில் நாற்றாக வளர்த்து, 30 நாளில் நான்கைந்து இலைகள் வந்ததும் மாலை வேளையில் பைக்கு மாற்றுங்கள்.

தண்ணீர்

தண்ணீர் இல்லாமல் சாகும் செடிகளை விட, தண்ணீர் மிகுந்து அழுகும் செடிகளையே தொடக்கக்காரர்களின் மாடிகளில் அதிகம் பார்க்கிறேன். நார்க்கழிவு மேலே வெளிறிக் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல், ஆட்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் குளிர்ச்சியும் ஒட்டிய துகளும் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். நண்பகலில் இலை தொங்குவது வெயிலுக்காகத்தான், பதற வேண்டியதில்லை. விடியற்காலையிலும் தொங்கினால்தான் குறை இருக்கிறது. அப்போதும் விரலை விட்டே முடிவு செய்யுங்கள், ஏனெனில் வேர் அழுகினாலும் செடி அப்படியேதான் தொங்கும்.

உரமும் பூச்சியும்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூரைச் சுற்றிக் கிளறிவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி பஞ்சகவ்யத்தைக் கலந்து தெளித்தால் போதும்.

தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறினால் உடனே இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிப் பூச்சியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்பு நீருக்காகவே அவை ஏறுகின்றன. தொடக்கத்தில் ஈரத்துணியால் துடைத்தே நீக்கிவிடலாம். பரவிவிட்டால், 5 மில்லி வேப்ப எண்ணெயை முதலில் சிறிது சோப்புக் கரைசலோடு நன்றாகக் குழைத்து, அதன் பிறகு ஒரு லிட்டர் நீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். எண்ணெயை நேரடியாக நீரில் ஊற்றினால் அது மேலே மிதக்கும். தெளிக்கும்போது சில இலைகள் கருகும், சிலவற்றில் மருந்தே படாது.

அறுவடை

வெந்தயக்கீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை ஒரு மாதத்தில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி, செடியும் அடுத்த பூவைத் தாமதிக்கும். நுனி சட்டென்று ஒடிகிறதா என்று சந்தையில் பார்ப்பதையே செடியிலும் பாருங்கள். கத்தரி பல மாதங்கள் நிற்கும். காய்ப்பு குறைந்ததும் பையின் மண்மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் வெட்டி, இரண்டு கைப்பிடி உரம் வைத்துவிட்டால், அதே தூரிலிருந்து புதுக் கிளைகள் எழுந்து மீண்டும் பூக்கும்.