'ஹாஸ்டைல்' எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு 'ஹாஸ்டைல்' (hostile, பகைமை காட்டுகிற) பிடித்த சொல். கண்டிப்பான ஆசிரியர், முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர், வேலை வாங்கும் மண்டோர், எல்லாரையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். இது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பகைவனைக் குறிக்கும் 'ஹோஸ்டிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. பகையோ கடும் எதிர்ப்போ வெளிப்பட்டால்தான் பொருந்தும். வீட்டுப்பாடம் செய்யாததற்கு அதட்டுகிறவர் 'ஸ்ட்ரிக்ட்'. பேசாமல் ஒதுங்கிப் போகிறவருக்குக் கூச்சமாகவும் இருக்கலாம். வேலியோரம் நின்று "இந்தப் பக்கம் வந்தா காலை உடைப்பேன்" என்கிறாரே, அவரைச் சொல்லுங்கள் ஹாஸ்டைல் என்று. ஒரு திட்டத்தைக் கடுமையாக எதிர்ப்பவருக்கும் இது பொருந்தும், அங்கே மிரட்டல் தேவையில்லை.

அடுத்து வரும் சொல்லிலும் தடுமாற்றம் உண்டு. 'அவனோடு பகை' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'வித்' போடுகிறார்கள். 'டு' அல்லது 'டுவர்ட்ஸ்' என்பதே சரி.

உச்சரிப்பில், அமெரிக்கர் பலர் வாயில் இது 'ஹாஸ்டல்' போலவே ஒலிக்கும். அதைக் கேட்டு மாணவர் விடுதியின் எழுத்துகளை எழுதிவிடாதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் அவசியம் அறிய வேண்டியது பன்மை வடிவம். 'ஹாஸ்டிலிட்டி' பகையுணர்வு, 'ஹாஸ்டிலிட்டீஸ்' என்றால் ஆயுதச் சண்டை. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960-இல் முடிந்தாலும், கம்யூனிஸ்டுகளுடனான மோதல் பின்னரும் தலைதூக்கியது. 1989 டிசம்பர் 2-இல் தாய்லாந்தின் ஹட்ஞாயில் மலேசிய அரசும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியும் செய்த உடன்படிக்கையின் ஆங்கிலப் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அதை 'மனக்கசப்பை முடித்துக்கொள்ளும் உடன்படிக்கை' என்று தமிழாக்கினால், தோட்டப்புறங்கள் பட்ட பாடே மறைந்துபோகும். 'சண்டை நிறுத்தம்' என்றே எழுத வேண்டும்.

அப்புறம், நீதிமன்றச் செய்திகளில் வரும் 'ஹாஸ்டைல் விட்னஸ்'. இவர் யாரையும் மிரட்டியவர் அல்லர். தம்மை அழைத்த தரப்புக்கே பாதகமாகப் பேசுகிறவர். தமிழில் 'பிறழ்சாட்சி' என்பார்கள். அழைத்த தரப்பே அவரைக் குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டம், 154-ஆம் பிரிவில்.