‘முடியல’ என்பவருக்கு ‘முடியாது’ என்று எழுதாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுத உட்கார்ந்து இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. திங்கள்கிழமை குறைதீர்வு நாள் என்றால் விடியும்போதே ஆட்கள் வந்துவிடுவார்கள். பக்கத்து மேஜைத் தம்பிகள் மூன்று பேர் இப்போது லேப்டாப்பில் தட்டுகிறார்கள். என்னைவிட வேகம். ஆனால் நான் அந்த வயதில் விழுந்த குழியில்தான் அவர்களும் வரிசையாக விழுகிறார்கள்.

எழுத்துப்பிழை, நகல் எடுக்க மறப்பது, கையெழுத்து வாங்காமல் அனுப்புவது இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை அலைந்தால் தானாகத் திருந்திவிடும். எனக்குக் கவலை, ‘வேலை வாங்கியே கொல்றாங்க’ என்று சொல்ல வருகிறவரின் வாய்ச்சொல் தாளில் என்னவாக மாறுகிறது என்பதுதான்.

முடியல

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் அக்கா ஒருவர் வருகிறார். ‘டார்கெட்ட ஏத்திக்கினே போறாங்க, முடியல சார்’ என்கிறார். அது பெருமூச்சு. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸை அவர்தான் முதலில் பிடிப்பார். தம்பியோ ‘என்னால் வேலை செய்ய இயலவில்லை’ என்று அடித்துவிடுகிறான். கம்பெனியிடம் விளக்கம் கேட்டால் ‘அவரே இயலவில்லை என்கிறாரே, வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம்’ என்று பதில் வரும். ‘முடியல’ காதில் விழுந்தால் உடனே தட்ட ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி கேட்கிறார்கள், போன வருடம் எத்தனை கேட்டார்கள், எத்தனை மணிக்கு வெளியே விடுகிறார்கள் என்று கேளுங்கள். மனு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அலுப்பு

‘ஒடம்பு அலுப்பா இருக்கு’ என்றால் உழைத்த களைப்பு. ‘வேலை அலுத்துப்போச்சு’ என்றால் வெறுத்துப்போச்சு, விட்டால் போய்விடுவார். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். களைப்பு ஒரு சொம்பு தண்ணீரில் போகும், அசதி தூங்கினால் போகும். ‘சோர்வு’ என்று எழுதினால் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பார்கள்.

ஓ.டி.

‘தெனமும் ஓ.டி. பாக்கறேன்’ என்றவருக்கு ‘தினமும் ஓடிப் பார்த்தேன்’ என்று எழுதிய தம்பியை எனக்குத் தெரியும். அவர் சொன்னது ஓவர்டைம், கூடுதல் நேர வேலை. புள்ளி வையுங்கள்.

கொத்தடிமை

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு ஆறாது. காரணம், முதல் தப்பு என்னுடையது.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண். இரவு ஒன்பது வரை நிறுத்தி வைக்கிறார்கள், கூடுதல் நேரத்துக்குக் காசு இல்லை. அப்போது இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துக் கணக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. நான் எழுத வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் பேச்சோடு பேச்சாக ‘கொத்தடிமை மாதிரி நடத்தறாங்கண்ணா’ என்றார். எனக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. ‘மாதிரி’ என்பதை எடுத்துவிட்டால் இன்னும் காரமாக இருக்கும் என்று எடுத்தும் விட்டேன். ‘கொத்தடிமையாக வைத்துள்ளனர்’. எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது.

கொத்து என்பது அந்தக் காலத்தில் தானியமாக அளந்த கூலி. கொத்தடிமை என்பது, அதாவது முன்பணக் கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. அந்தச் சொல் தாளில் ஏறினால் மனு போகிற வழியே வேறு. கூலி பாக்கியைப் பார்க்கும் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. விசாரிக்க வந்தவர்கள் முதலில் கேட்டது: முன்பணம் எவ்வளவு வாங்கினாய்? வாங்கவில்லை. வெளியே போக விடுகிறார்களா? தினமும் வீட்டுக்குத்தான் போகிறேன். இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா? இருக்கிறது. ‘கொத்தடிமை முறை ஏதும் இல்லை’ என்று எழுதி மூடிவிட்டார்கள். அப்புறம் யார் ஓ.டி. காசு கேட்டுப் போனாலும் கம்பெனி அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டியது. அடுத்த மாதம் அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே. என்னிடம் சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ‘நீங்க நல்லாத்தான் எழுதினீங்கண்ணா’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைவிட மோசம், இதே தப்பைத் திருப்பிப் போடுவது. போன மாதம் மரம் வெட்டும் வேலையில் இருக்கிற ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். ‘அட்வான்ஸ் இன்னும் கழியல சாமி. மக கல்யாணத்துக்குக்கூட ரெண்டு பேரையும் சேத்து அனுப்பல. ஒருத்தர் போனா ஒருத்தர் இருக்கணும்னாங்க’ என்றார். குரலில் கோபமே இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோலச் சொன்னார். பக்கத்து மேஜைத் தம்பி அடித்தது: ‘பணிச்சுமை அதிகமாக உள்ளது. விடுப்பு மறுக்கப்படுகிறது.’

எட்டிப் பார்த்த எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ‘இன்னாணா தப்பு?’ என்கிறான். கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், மகள் கல்யாணத்துக்குக்கூட விடவில்லை. கொத்தடிமை என்ற சொல் யாருக்காக இருக்கிறதோ அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் போய் ஆபீஸ் கிளார்க்கின் சொல்லைக் கொடுத்திருக்கிறான். அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தால் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும், அந்தக் கடனே சட்டப்படி செல்லாது. நிஜமாக அதில் மாட்டியிருப்பவர் வாயில் அந்தச் சொல் வரவே வராது. நான் பார்த்தவரை ‘அட்வான்ஸ்’, ‘கழியல’, ‘அனுப்பல’ என்றுதான் வரும். நன்றாகச் சம்பளம் வாங்குகிறவன்தான் டீக்கடையில் நின்று ‘நாங்கள்லாம் கொத்தடிமைங்கடா’ என்பான்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கேட்டோம். எந்த வருடம் வாங்கினது, எவ்வளவு, யார் கையால், கூலி நாளைக்கு எவ்வளவு, எதைக் கழித்தார்கள். எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது. தம்பிக்கு அன்றைக்கு வேறு மூன்று மனு போச்சு. போகட்டும்.

வெட்டி

நமக்கு ‘வெட்டி’ என்றால் சும்மா இருப்பது. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலியில்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை. வயதானவர் யாராவது ‘வெட்டி வேலை வாங்கறாங்க’ என்றால் அந்தப் பழைய பொருளில் சொல்கிறாரா என்று ஒரு முறை கேளுங்கள். ‘பயனற்ற வேலை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பணிச்சுமை

வாத்தியார், வி.ஏ.ஓ., பேங்க்காரர்களுக்கு எழுதுங்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்குச் சுமைதான் வேலையே. அவருக்குப் ‘பணிச்சுமை அதிகம்’ என்று எழுதினால் படிக்கிற அதிகாரி சிரிப்பார். மூட்டை எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று போடுங்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களுக்கும் இப்படித்தான். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு தருகிறார்கள், அதில் கழிவு என்று எத்தனையைத் தள்ளுகிறார்கள். ‘முதுகு ஒடியுது’ என்று அவர்கள் சொன்னால் அப்படியே எழுதலாம். அது உவமை இல்லை.

‘மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தேன்’

வேண்டாம்.

‘ஆம்பூர், வேலூர் மாவட்டம்’

2019லிருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். அங்கே அனுப்புங்கள்.