எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: ஒப்பீட்டு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு பக்கம் சமூகவியலோ பொருளாதாரமோ படித்து ஆய்வேடு எழுத உட்காருகிறவர்களுக்கு மாநில எல்லை மேல் தனி ஆசை உண்டு. கோபாலபுரத்தைத் தாண்டினால் கேரளா. ஆனால் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள்தான். அதே கணவாய்க் காற்று, அதே தென்னை. ஆட்சி மட்டும் வேறு. ஆகவே பள்ளிப் படிப்பிலோ கூலியிலோ தெரிகிற வித்தியாசம் ஆட்சியால் வந்தது என்று சினாப்சிஸில், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில், எழுதிவிடுகிறார்கள். கோளாறு அந்த ‘ஆகவே’யில் தொடங்குகிறது.

எல்லை இப்போதைய வடிவத்துக்கு வந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன் பாலக்காடு, சென்னை ஆட்சிக்குள் இருந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தாலுகாவோ கொச்சி ராஜ்ஜியத்தின் துண்டு நிலம். சித்தூரையும் பொள்ளாச்சியையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது 1956-க்குப் பிந்தைய அரசுகளையா, கொச்சி மகாராஜா காலத்துப் பள்ளிக்கூடங்களையா? பாலக்காடு தாலுகாவை எடுத்தால் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறையும், ஏனென்றால் அதுவரை கோவைக்கும் அதற்கும் ஒரே அரசு. ஆனால் மலபாரின் ஜன்மி முறை, அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற முறை, கோவைப் பக்கம் கிடையாது. எந்த ஊரை எடுப்பது என்பது பஸ் வசதியைப் பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பக்கத்தில் மட்டும், தேதி தெரிந்த ஒரு மாற்றம் நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்காவில் டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்து பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டு பக்கத்திலும் துரித உணவுக் கடைகளில் முன்பும் பின்பும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று எடுத்து, மாற்றத்தை மாற்றத்தோடு ஒப்பிட்டார்கள். நம் பக்கம் யோசித்தால், கேரளாவில் குத்தகை முறையை ஒழித்த திருத்தம் 1970 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு இருபுறமும் உள்ள பதிவேடுகளைத் தேடுவது, இன்றைக்கு நூறு வீடு ஏறி இறங்குவதை விட உருப்படியான வேலை.

இன்னொன்று, எல்லை சுவர் இல்லை. தமிழ்நாடும் கேரளாவும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் புழைக்குப் போக வேண்டும். சித்தூர் நெல் விளைச்சலைக் ‘கேரள அரசின் விளைவு’ என்று எழுதுகிறவர், மதகு தமிழ்நாட்டில் இருப்பதை எந்தக் கட்டத்தில் போடுவார்? ஆட்களும் அப்படியே. அப்பா பொள்ளாச்சித் தேங்காய்க் களத்தில், மகள் பாலக்காட்டில் கல்லூரி என்று இருக்கிற வீட்டை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள்.

எனக்கு அதிக எரிச்சல் தருவது, தோற்கவே முடியாத கருதுகோள், அதாவது ஆய்வில் சோதித்துப் பார்க்க எடுக்கிற ஊகம். ‘எல்லைத் தமிழர்கள் அடையாளச் சிக்கலில் இருக்கிறார்கள்.’ பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் போட்டால், அடையாளத்தை இழந்துவிடுவோமோ என்ற பயம். மலையாள மீடியத்தில் போட்டால், அடையாளம் நழுவுகிறது. இங்கிலீஷ் மீடியம் என்றால் இரண்டிலிருந்தும் ஓட்டம். எதைச் செய்தாலும் ஆய்வாளர் ஜெயிக்கிறார். அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பருக்கு 1919-ல் வியன்னாவில் இதே சந்தேகம் வந்தது. ஒரு குழந்தையைப் பற்றி உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரிடம் சொன்னார். அட்லர் அந்தக் குழந்தையைப் பார்க்காமலேயே தன் கொள்கையை வைத்து விளக்கிவிட்டாராம். அதே ஆண்டு மே 29 சூரிய கிரகணத்தில் வானியலாளர் எடிங்டன் குழு நட்சத்திர ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளந்தது. ஐன்ஸ்டைன் சொன்ன அளவு வராமல் போயிருந்தால் அவர் கொள்கை அடிவாங்கியிருக்கும். நீங்களும் எழுதிப் பாருங்கள்: எந்தப் பதில் வந்தால் ‘சிக்கல் இல்லை’ என்று ஒப்புக்கொள்வீர்கள்? எழுத வரவில்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்.

இதற்காக எல்லாருக்கும் கருதுகோள் கட்டாயம் என்று சொல்லவில்லை. கோவிந்தாபுரத்தில் மாதக்கணக்கில் தங்கி மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கிறவரிடம் ‘ஹெச் ஒன், ஹெச் டூ எங்கே?’ என்று கருதுகோள் பட்டியல் கேட்கிற கைடுகளும் இருக்கிறார்கள். அது வேறு வகை வேலை. அதை அதன் போக்கில் விட வேண்டும்.

எண்களோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் கண்ணில் பட்டதையெல்லாம் கை-ஸ்கொயர் (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கிற சோதனை) போட்டுப் பார்க்காதீர்கள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத 20 சோதனைகளைத் தனித்தனியாகச் செய்தால், 5 சதவீத அளவுகோலில் (ஒரு சோதனை தற்செயலாகத் தப்பு முடிவு தர 5 சதவீத வாய்ப்பை ஏற்பது) ஒன்றாவது ‘முக்கியம்’ என்று வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றைச் சுற்றி ஒரு அத்தியாயமே எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம், காலை பதினொரு மணிக்கு வடகரப்பதியில் கதவைத் தட்டினால் திறப்பது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான். வேலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பியிருப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்து ‘எல்லைத் தொழிலாளர் நிலை’ என்று எழுத முடியாது. சாயங்காலம் ஆறுக்கு மேல் போங்கள், இல்லை ஞாயிற்றுக்கிழமை போங்கள். பூட்டியிருந்த வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டு ஒப்பேற்றாமல், அதே வீட்டுக்கு இன்னொரு தடவை நடங்கள்.