டர்பன் – சென்னை: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

கல்யாணப் புடவை எடுக்கவோ கோயில்களைச் சுற்றவோ தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கமிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் இணையத்தில் தூரம் தேடினால் 7,075 கி.மீ. என்று வரும். அது நேர்க்கோட்டுத் தூரம். டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. நடுவில் மாறியே ஆகவேண்டும். எனவே ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். இங்கே துபாய் வழி.

1. இடக்குறிப்பு

கைப்பேசி வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும்: முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

டர்பன் கிங் ஷாகா: −29.61, 31.12
துபாய்: 25.25, 55.36
சென்னை: 12.99, 80.17

டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் கழித்தல் குறி கட்டாயம். அதை விட்டால் கணக்கு கெய்ரோ பக்கத்திலிருந்து கிளம்பும். சென்னை 5,360 கி.மீ.தான் என்று காட்டும். பழைய பட்டியல்களிலும் கவனம் வேண்டும். 2010இல் மூடப்பட்ட டர்பனின் பழைய விமான நிலையமான லூயி போத்தாவின் இடக்குறிப்பு இருந்தால் 40 கி.மீ. பிசகும்.

2. தூரம்

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா? சைன் (sin) 30 போடுங்கள், 0.5 வராவிட்டால் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது, மாற்றுங்கள்.

டர்பன் – துபாய் கட்டத்தைப் பார்ப்போம். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: −0.4941 × 0.4266 = −0.2108. பிறகு அவற்றின் காஸ்களையும் (cos), தீர்க்கரேகை வித்தியாசமான 24.24இன் காஸையும் பெருக்குங்கள்: 0.8694 × 0.9044 × 0.9118 = 0.7169. இரண்டையும் கூட்டினால் 0.5061. இதற்கு காஸ் இன்வர்ஸ் (cos⁻¹) 59.6 டிகிரி. பூமியின் ஆரத்தை 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ.; பெருக்கினால் சுமார் 6,630 கி.மீ.

இதே முறையில் துபாய் – சென்னை 2,930. மொத்தம் 9,560 கி.மீ.; நேர்க்கோட்டைவிட ஏறக்குறைய 2,500 கூடுதல்.

3. பறக்கும் நேரம்

மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, கட்டத்துக்கு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்கு ஊர்வதும், ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகவே நடக்கும். டிக்கெட்டில் போடும் நேரமோ விமானம் ஒரு நிலையத்தின் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த நிலையத்தின் வாயிலில் நிற்பதுவரை.

6,630 ÷ 850 = 7.8. இதை 7 மணி 80 நிமிடம் என்று படிப்பவர்கள் உண்டு! 0.8 × 60 = 48 நிமிடம். அரை மணி சேர்த்தால் 8 மணி 18 நிமிடம். துபாய் – சென்னைக்கு 3 மணி 57. சென்னையிலிருந்து துபாய்க்குத் திரும்பும்போது, குறிப்பாகக் குளிர்கால மாதங்களில், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எதிர்ப்படும். இன்னும் கால் மணி போட்டுக்கொள்வது நல்லது.

4. கடிகாரம்

பலரும் குழம்புவது இங்கேதான். சென்னைக் கடிகாரம் டர்பனைவிட 3½ மணி முன்னால் ஓடும். துபாய் 2 மணி முன்னால். மூன்று இடங்களிலும் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது.

மாலை 7:00க்குப் புறப்பாடு, துபாயில் 3 மணி காத்திருப்பு என்று கொண்டால் பயணம் மொத்தம் 15 மணி 15 நிமிடம். டர்பன் நேரப்படி மறுநாள் காலை 10:15; சென்னையில் பிற்பகல் 1:45. டிக்கெட்டைப் பார்த்து 7:00க்கும் 1:45க்கும் இடையே கழித்தால் 18¾ மணி வரும். அதிலிருந்து 3½ மணியைக் கழித்தால்தான் சரியான பயண நேரம். ஊர் திரும்பும் டிக்கெட்டில் அதே 3½ மணியைக் கூட்டவேண்டும்.