ரோல் கட்டம் காலியாக இருந்த பயனர்

பல நாள்களைத் தின்ற சிக்கல் தீர்ந்த நிம்மதியில் இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் எங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் அக்கவுன்ட்டுகளின் (வாடிக்கையாளர் நிறுவனப் பதிவுகளின்) பொது இயல்புநிலை பிரைவேட் என்று, அதாவது உரிமையாளருக்கும் படிநிலையில் அவருக்கு மேலிருப்பவருக்கும் மட்டுமே தெரியும்படி இருந்ததால், விற்பனைக் குழுவினர் ஒருவருடையதை மற்றவர் பார்ப்பதற்காக உரிமையாளரின் ரோலை (நிறுவனப் படிநிலையில் அவரது இடத்தை) அடிப்படையாகக் கொண்ட ஷேரிங் ரூல் (பகிர்வு விதி) ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. கையால் உள்ளிட்டவை எல்லோருக்கும் தெரிந்தன. இணையதளப் படிவம் வழியாக வந்தவை மட்டும் மேலாளருக்குக்கூடத் தெரியவில்லை.

புரொஃபைலில் (பயனரின் அடிப்படை அனுமதிகளின் தொகுப்பில்) படிக்கும் அனுமதி சரியாகவே இருந்தது. ரூலை மறுகணக்கீடு செய்தும் பயனில்லை. சோதனைக்காக ஒருவருக்கு, எல்லாப் பதிவுகளையும் பார்க்கவிடும் வியூ ஆல் அனுமதி தந்தபோது அனைத்தும் தெரிந்தன என்றாலும், அது பூட்டைத் திறக்கக் கதவையே பெயர்ப்பது போன்றது என்பதால் உடனே நீக்கிவிட்டேன்.

தெரியாத அக்கவுன்ட்டுகள் அனைத்துக்கும் உரிமையாளர் ஒருவரே: இணையதளப் படிவத்தின் தரவைக் கொண்டுவரும் இணைப்பு நிரலுக்கென உருவாக்கப்பட்ட பயனர். அவரது பக்கத்தில் ரோல் கட்டம் காலியாக இருந்தது. ரோல் இல்லாதவரின் பதிவுகள் ரோல் அடிப்படையிலான ரூலுக்குள்ளும் வருவதில்லை, படிநிலையில் மேலிருப்பவருக்கும் செல்வதில்லை. அவருக்கு ஒரு ரோல் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் 10,000 பதிவுகளுக்கு மேல் வைத்திருக்கும் பயனருக்கு ரோல் தந்தால் பகிர்வுக் கணக்கீடு மந்தமாகக்கூடும் என்பதால், மண்டலம் என்ற புலத்தின் மதிப்பைக் கொண்டு கிரைட்டீரியா அடிப்படையில் புதிய ரூல் எழுதினேன். கணக்கீடு முடிந்ததும் அக்கவுன்ட்டுகள் தெரிந்தன. அக்கவுன்ட்டைப் பார்க்க முடிந்தவருக்கு அவையும் தெரியும்படி கன்ட்ரோல்டு பை பேரன்ட் என்று அமைந்திருந்ததால், கான்டாக்டுகளும் (தொடர்பு நபர்களின் பதிவுகளும்) உடன் வந்தன.

ஆப்பர்சூனிட்டிகள் (விற்பனை வாய்ப்புப் பதிவுகள்) மட்டும் வரவில்லை. அவற்றுக்கான அணுகல் நிலையை அதே ரூலிலேயே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ரீட் ஒன்லி என மாற்றிய பிறகு அவையும் தெரிந்தன.